பீடமும் படலையும்: வன்னித் திருச்சபைகளின் இரு பக்க வேலை

வன்னியில் குருமாரையும் போதகர்களையும் பற்றி இரண்டு முறைப்பாடுகள் அடிக்கடி காதில் விழும். “சுவாமி எந்த நேரமும் கூட்டம், கச்சேரி, ஆர்ப்பாட்டம் எண்டு திரியிறார். பூசை நேரத்தில மட்டும்தான் அவரைக் காணலாம்” என்பது ஒன்று. “பாஸ்டருக்குத் தன்ர சபைச் சனம் மட்டும்தான் சனம். பக்கத்து வளவில செத்தவீடு எண்டாலும் எட்டிப் பார்க்கமாட்டார்” என்பது மற்றது. முதலாவதைச் சொல்பவர்கள் கோவிலுக்கு உள்ளே இருப்பவர்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் படலைக்கு வெளியே நிற்பவர்கள்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கிழமையில் எத்தனை நாள் உள்ளே, எத்தனை நாள் வெளியே என்று நேரத்தைப் பங்கிட்டு இந்தக் கேள்வியைத் தீர்க்க முடியாது. உள்வேலையும் வெளிவேலையும் யார் கையில் இருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு மனிதனின் தோளில் மட்டும் இருந்தால் இரண்டில் ஒன்று கட்டாயம் விழும். வன்னியின் கடந்த நாற்பது வருடத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

‘வன்னிச் சபை’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. மன்னார் மாவட்டத்தில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் சைவர்களே பெரும்பான்மைத் தமிழர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், சிறு தொகை. கத்தோலிக்க நிர்வாகத்தில் மன்னாரும் வவுனியாவும் 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்துக்குள் வருகின்றன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டத்தோடு நிற்கின்றன. மெதடிஸ்த திருச்சபை, அங்கிலிக்கன் திருச்சபை, தென்னிந்தியத் திருச்சபை ஆகியவற்றின் ஆலயங்களும் விடுதிகளும் ஏ9 வீதியை ஒட்டி உண்டு. இவற்றுக்கு அப்பால், யுத்தத்துக்கு முன்னரே வேர்விட்டு அதன் பிறகு பெருகிய பெந்தெகொஸ்தே, சுயாதீனச் சபைகள். தகரக் கூரை, பிளாஸ்ரிக் கதிரைகள், ஒரு ஒலிபெருக்கி. காணியில்லாத குடும்பங்களும், 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் வாழும் கிராமங்களில் இவற்றை அதிகம் காணலாம். பெரிய கோவில்கள் எட்டாத ஒழுங்கைகளுக்குள் இவர்கள்தான் முதலில் போனார்கள். இதை ஒப்புக்கொள்ளாமல் அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

யுத்த காலத்தில் உள்ளே, வெளியே என்ற கோடே அழிந்துபோனது. 1990இல் மடு மாதா வளாகம் அகதி முகாமாக மாறியது. அங்கே தறப்பாளுக்குக் கீழே படுத்தவர்களில் கத்தோலிக்கர் யார், சைவர் யார் என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. 1999 நவம்பர் 20ஆம் திகதி அந்த வளாகத்தில் எறிகணைகள் விழுந்தபோது, தஞ்சம் புகுந்திருந்த பலர், சிறுவர் உட்பட, செத்துப்போனார்கள். 2007 செப்ரெம்பர் 26ஆம் திகதி, இயேசு சபை அகதிகள் பணியின் மன்னார் இணைப்பாளர் அருட்தந்தை நிக்கொலாஸ்பிள்ளை பாக்கியரஞ்சித் கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். 2008 ஏப்ரல் 20ஆம் திகதி, வடக்குக் கிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவர் அருட்தந்தை கருணாரட்ணம் அதே விதமாக மல்லாவிப் பக்கத்தில் கொல்லப்பட்டார். அதே ஏப்ரலில் மடு மாதாவின் சொரூபமும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. சனத்தோடு சேர்ந்து மாதாவும் ஓடினாள் என்றுதான் அந்த நாட்களை அனுபவித்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

கடைசி மாதங்களில் குருமாரும் போதகர்களும் சனத்தோடுதான் நின்றார்கள். 2009 மே 18ஆம் திகதி அருட்தந்தை சரத்ஜீவன் முள்ளிவாய்க்கால் கரையிலிருந்து வெளியே வந்த வழியில் உயிரிழந்தார். அதே நாள் வட்டுவாகலில், சரணடைந்தவர்களோடு போன அருட்தந்தை பிரான்சிஸ் யோசப், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர், இன்றுவரை திரும்பவில்லை. பதுங்குகுழிக்குள் செபமாலை சொல்லிக் கொடுத்தவரும், கஞ்சி வரிசையை ஒழுங்குபடுத்தியவரும், காயக்காரரைத் தூக்கியவரும் ஒரே ஆள்தான்.

செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலிருந்து சனம் திரும்பிய பிறகுதான் அந்தக் கோடு மறுபடி விழுந்தது. திரும்பி வந்தவர்கள் கண்டது கூரையில்லாத கோவில்கள், முறிந்த சொரூபங்கள், மிதிவெடிக்குப் பயந்து அடைக்கப்பட்ட சேமக்காலைகள். கோவிலைக் கட்டுவோம் என்ற ஆசை இயல்பாகவே எழுந்தது. புலம்பெயர் உறவுகளும் காசு அனுப்பினார்கள். சொந்த வீடு தறப்பாளாக இருக்கும்போதே கோவிலுக்கு அத்திவாரம் போட்ட ஊர்கள் உண்டு. வெளியாளுக்கு அது வீண்செலவாகத் தெரியலாம். எல்லாம் தொலைத்த ஊருக்கு, ‘நாங்கள் திரும்பி வந்திட்டம்’ என்று சொல்ல ஒரு மணிக்கூண்டு தேவைப்பட்டது. அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. என்றாலும் அந்தக் கட்டட வேலை பல இடங்களில் பத்து வருடம் நீண்டுபோனதையும் சொல்ல வேண்டும். அருட்பணிச் சபைக் கூட்டங்கள் சீமெந்துக் கணக்கிலேயே முடிந்தன. கோபுரம் உயர்ந்த அளவுக்கு, கோபுரத்தடியில் இருந்த வீடுகளுக்குள் நடந்ததைப் பார்க்க ஆள் போதவில்லை.

அந்த வீடுகளுக்குள் நடந்ததுதான் உள்வேலையின் நெஞ்சு. ஒரு தாய் பூசை ஒப்புக்கொடுக்க அலுவலகத்துக்கு வருகிறார். மகனின் பெயரைச் சொல்கிறார். கொப்பியில் இரண்டு பிரிவு இருக்கிறது: நலனுக்காக, இறந்தோருக்காக. எழுதுகிற பிள்ளை பேனாவோடு நிமிர்ந்து பார்க்கிறது. மகன் 2009இல் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவன். ‘இறந்தோர்’ என்று எழுதினால் தாய் அந்த இடத்திலேயே உடைந்துபோவாள். ‘நலன்’ என்று எழுதினால் தகப்பன் அன்றைக்கு வீட்டில் பேசமாட்டார், ஏனென்றால் அவர் மனதில் மகனைப் புதைத்துவிட்டார். அனுபவமுள்ள குருவானவர் பெயரை மட்டும் எழுதச் சொல்வார். பீடத்தில் அந்தப் பெயரை எந்த அடைமொழியும் இல்லாமல் வாசிப்பார். இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலையில் எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தும்போது, கல்லறையே இல்லாதவர்கள் எங்கே கொளுத்துவது என்பதையும் அவர் முன்கூட்டியே யோசித்திருப்பார்.

இது முழுக்க முழுக்க உள்வேலை. ஆனால் இதைச் செய்தவருக்குத்தான் வெளியே பேச வாய் இருந்தது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கச்சேரிக் கணக்கையே, அதாவது மாவட்டச் செயலகங்களின் கணக்கையே, எடுத்து வைத்தார். 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தவர்கள் 4,29,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தக் கணக்கைப் பற்றி ஆயிரம் விவாதம் நடந்தது, நடக்கட்டும். அது ஒரு அரசியல்வாதியின் வாயிலிருந்து வந்திருந்தால் அத்தனை பாரம் இருந்திருக்காது. செத்தவீட்டுக்கும் சேமக்காலைக்கும் போய்வந்த ஒரு மேய்ப்பர் கேட்டதால்தான் ஊர் அதைத் தன் கேள்வியாக எடுத்துக்கொண்டது.

சிறு சபைகளின் நிலை வேறு. அவர்களை உள்ளே தள்ளிய காரணங்களில் பயமும் ஒன்று. 2008இல் சமய விவகார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது: புதிய வழிபாட்டிடம் அமைப்பதானால் அமைச்சின் அனுமதி வேண்டும். பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அல்ல அது. ஆனாலும் பிரதேச செயலகமும் பொலிஸும் அதைக் காட்டி, வீட்டில் கூடும் சபைகளிடம் பதிவு எங்கே என்று கேட்கும். 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமயவால் கொண்டுவரப்பட்டபோது, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் ‘மதமாற்றம்’ என்ற குற்றச்சாட்டு ஊர்களில் அடங்கவில்லை. 2016இல் வவுனியாவில் சிவசேனை என்ற இந்து அமைப்பு தொடங்கப்பட்டபோது தமிழர் நடுவிலேயே அதற்கு ஒரு மேடை கிடைத்தது.

இந்தச் சூழலில் போதகர் ஒருவர் அரிசியும் பருப்பும் கட்டிய உலர் உணவுப் பொதியோடு ஒரு சைவ வீட்டுப் படலைக்குப் போனால் இரண்டு விதமான பேச்சு வரும். கொடுத்தால் ‘பொதி குடுத்து ஆளைப் பிடிக்கினம்’. கொடுக்காவிட்டால் ‘தங்கட ஆக்களுக்கு மட்டும் குடுக்கினம்’. பலர் களைத்துப்போய் ஞாயிறு ஆராதனை, வெள்ளி உபவாச ஜெபம், வாலிபர் கூட்டம் என்று சுருங்கிக்கொண்டார்கள்.

சந்தேகம் முழுதும் பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். யுத்தம் முடிந்த வருடங்களில், பொதி கொடுத்த கையோடு ஞாயிறு வரச் சொன்னவர்களும் இருந்தார்கள். வந்தவர்களின் படத்தை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால்தான் அடுத்த தவணைக் காசு வரும் என்ற ஏற்பாடு அதற்குப் பின்னால் இருந்தது. பசித்த ஆளைப் பொதியோடு நிறுத்திப் படம் எடுப்பது சபையின் வேலை அல்ல. இந்தத் தூண்டிலை முற்றாக விட்ட போதகர்கள் ஒரு எளிய வழியைக் கண்டுபிடித்தார்கள்: பொதியைத் தாங்களே கொடுப்பதில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், பாடசாலை அதிபர் ஆகியோரிடம் பட்டியலைக் கேட்டு, அவர்கள் கையாலேயே கொடுக்க விடுகிறார்கள். சபையின் பெயர் சிலவேளை வெளியே வருவதேயில்லை. அந்தச் சபைகளைப் பற்றி ஊரில் கேட்டுப் பாருங்கள், குரல் வேறுவிதமாக இருக்கும்.

இனி, பலரும் கவனிக்காத ஒரு விஷயம்: இடமாற்றம். கத்தோலிக்கப் பங்குத்தந்தை சில வருடத்தில் மாறிப் போவார். மெதடிஸ்த போதகருக்கும் அப்படித்தான். ஒருவர் வந்து மாலை வகுப்பு, தையல் வகுப்பு, மீனவர் கூட்டுறவு என்று ஓடி ஓடித் தொடங்குவார். அடுத்தவர் வருவார். அவருக்குப் பாடல் குழுவிலும் மறைக்கல்வியிலும் நாட்டம். தையல் இயந்திரங்களில் தூசி படியும். மூன்றாமவர் வந்து கேட்கும்போது திறப்பு யாரிடம் என்றே தெரியாது. சுயாதீனச் சபைப் போதகருக்கு இடமாற்றம் இல்லை. அவர் இருபது வருடம் ஒரே ஊரில் இருப்பார், எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய அடுப்பு சபையின் காணிக்கையிலும் தசமபாகத்திலும்தான் எரிகிறது. கூலிவேலைக்குப் போகும் முப்பது குடும்பத்தின் காணிக்கையில் வாழும் மனிதர் அந்த முப்பது குடும்பத்தையும் விட்டு வெளியே நேரம் செலவழித்தால், முணுமுணுப்பு முதலில் அவர் வீட்டுக்குள்ளேயே எழும். பெரிய சபைக்கு நிலைத்து நிற்கும் ஆள் இல்லை, சிறிய சபைக்கு நிலைத்து நிற்கும் காசு இல்லை.

மறைமாவட்ட மட்டத்தில் யாழ்ப்பாணத்தின் ‘கியூடெக்’, மன்னாரின் ‘வாழ்வுதயம்’ ஆகிய கரித்தாஸ் (கத்தோலிக்கத் தொண்டு) அமைப்புகள் இந்தக் குறையை ஓரளவு நிரப்புகின்றன. வீடு, கிணறு, வாழ்வாதாரம் என்று அவை செய்த வேலை பெரியது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. ‘அதுக்குத்தானே வாழ்வுதயம் இருக்கு’ என்று பங்கு கைகழுவிவிடும். சம்பளம் வாங்கும் அலுவலர் வெளிவேலையைப் பார்ப்பார், பங்குமக்கள் பூசைக்கு வந்து போவார்கள் என்று ஆகிவிடும்.

எருசலேமின் முதற் சபையிலேயே இந்தப் பிணக்கு இருந்தது. கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கீடு சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. வசனத்தை விட்டுவிட்டுப் பந்தி விசாரிப்பது எங்களுக்குத் தகாது என்றார்கள் அப்போஸ்தலர்கள். உள்ளேயே இருக்க விரும்பும் போதகர்கள் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். அப்போஸ்தலர் நடபடிகளின் அதே 6ஆம் அதிகாரம் அடுத்து என்ன சொல்கிறது என்பதையும் வாசிக்க வேண்டும். பந்தி வேலை கைவிடப்படவில்லை. ஏழு பேர் தெரிவானார்கள், அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கம் முறையிட்டதோ, அந்தப் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பும் போனது போலத்தான் தெரிகிறது.

வன்னியில் முறையிடும் பக்கம் எது என்று கேட்டால், யுத்தத்தில் கணவனை இழந்தவர்களும், தேடித் திரியும் தாய்மாரும், தனியே குடும்பம் கொண்டிழுக்கும் பெண்களும். கோவில் கூட்டுவதிலிருந்து அன்பியக் கூட்டத்துக்கு (அயல் வீடுகளின் செபக்குழுவுக்கு) தேத்தண்ணி போடுவதுவரை அவர்கள்தான். வங்கிப் புத்தகத்தில் கையெழுத்து வைப்பவர்கள் இன்னும் பெரும்பாலும் ஆண்கள். இந்தக் கையெழுத்து மாறிய இடங்களில், இடமாற்றத்துக்குப் பிறகும் வேலை நிற்காமல் போவதைக் காணலாம். மாலை வகுப்பு நடக்கும். சிறுசேமிப்புக் குழு கூடும். புதுச் சுவாமி வந்து ஆசீர்வதித்தால் போதும்.

உள்ளும் வெளியும் ஒன்றாய்ப் பொருந்திய ஒரு காட்சியை நான் சொல்வதானால் இரணைதீவைச் சொல்வேன். பூநகரிப் பிரதேசத்துக்கு உட்பட்ட அந்தத் தீவின் சனம் 1992இல் இடம்பெயர்ந்து முழங்காவில் பக்கம் வந்து, இரணைமாதா நகரில் குடியிருந்தது. தீவில் கடற்படை. சொந்தக் கடலில் தொழில் செய்யவும் சொந்தக் கோவிலில் தங்கவும் வழியில்லை. 2017 மே 1ஆம் திகதி இரணைமாதா நகரில் தொடர் போராட்டம் தொடங்கியது. ஒரு வருடம் கொட்டிலில் குந்தியிருந்தும் பதில் வரவில்லை. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி, வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் குருமாரும் சனமும் சேர்ந்து தீவில் இறங்கினார்கள். இறங்கியவர்கள் போனது நேரே செபமாலை மாதா கோவிலுக்கு. அங்கேயே பிரார்த்தித்து அங்கேயே தங்கினார்கள். அது வழிபாடா, காணி உரிமைப் போராட்டமா என்று அந்த இடத்தில் பிரிக்க ஏலாது. அந்தச் சனத்தின் கையிலிருந்த காணி உறுதியைவிடப் பலமான அத்தாட்சி, பூட்டன் காலத்தில் கட்டிய அந்தக் கோவில்.

இதே சனம் 2021 மார்ச்சில் இன்னொரு சோதனைக்கு முகங்கொடுத்தது. கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை இரணைதீவில் புதைக்க அரசு தீர்மானித்தபோது மக்களும் குருமாரும் எதிர்த்தார்கள். உடல்கள் பிறகு ஓட்டமாவடியில் அடக்கப்பட்டன. மீண்டுவந்த தீவைச் சேமக்காலையாக்காதே என்ற கோபம் நியாயமானது. முஸ்லிம் உடல்களை எரிக்க வைத்த அநீதியை முதலில் சொல்லிவிட்டு அதன் பின்னரே அந்தக் கோபத்தைச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அயலாரோடான உறவு எவ்வளவு கெதியில் முறியும் என்பதற்கு 2019 மார்ச் 3ஆம் திகதி சாட்சி. மகா சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீஸ்வர வீதியில் எழுப்பப்பட்ட வளைவு, மாந்தைப் பக்கத்துக் கத்தோலிக்கர் சிலரால் பிடுங்கி எறியப்பட்டது. நந்திக்கொடி காலில் மிதிபட்ட காணொளி உலகம் முழுக்கப் போனது. காணி எல்லை, வீதி, அனுமதி என்று இரு பக்கமும் வாதம் உண்டு. ஆனால் வருடக்கணக்காக மறைக்கல்வியில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தோம் என்று அன்றைக்குப் பல குருமார் தங்களைத் தாங்களே கேட்டிருக்க வேண்டும். மடுத் திருவிழாவுக்குச் சைவர்களும் நேர்த்தி வைத்து வருகிறார்கள். அவர்களுடைய திருவிழா வீதியில் ஒரு வளைவைப் பொறுக்க முடியாத பங்கு, அநாதை இல்லம் எத்தனை நடத்தினாலும் உள்வேலையில் தோற்ற பங்குதான். ஞாயிறு பிரசங்கம் அங்கேதான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போதைய நெருக்கடிகள் யுத்த காலத்தைப் போல வெளிப்படையானவை அல்ல. கிழமைக்கொருக்கா படலையில் வந்து நிற்கும் நுண்கடன் வசூல்காரர். 2018இல் வரட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களுக்கு நிவாரணம் என்று அரசு அறிவித்த பிறகும் வேறு பெயரில் தொடரும் வட்டி. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய மண்ணெண்ணெய், அதோடு கரையேறிக் கிடந்த படகுகள். கசிப்பு என்ற கள்ளச் சாராயம். அதற்கும் மேலாக இப்போது ‘ஐஸ்’ போதைப்பொருள். இவற்றில் எந்த வீடு சிக்கியிருக்கிறது என்று பிரதேச செயலகத்துக்குத் தெரிய முன்னமே வீடு சந்திக்கும் போதகருக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஐஸ் பாவிக்கும் பையனைத் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்புவதோடு நிறுத்துபவர்கள் உண்டு. ஜெபிக்கட்டும். அடுத்த நாள் காலையில் அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றி மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கொண்டுபோகவும் வேண்டும். கடன்காரப் பெண்ணுக்குச் சபை இன்னொரு கடன் கொடுக்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்லவும், சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் எங்கே என்று காட்டவும், வசூல்காரர் வரும் நாளில் பக்கத்தில் இருக்கவும் ஒரு ஆள் போதும். அந்த ஆள் போதகராக இருக்கவேண்டும் என்றுமில்லை. வாலிபர் கூட்டத்தில் கித்தார் வாசிக்கும் பிள்ளைகளில் கச்சேரியில் வேலை செய்பவர், தாதியர் பயிற்சி முடித்தவர், வங்கியில் இருப்பவர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களிடம் பாட்டு மட்டும்தான் இதுவரை கேட்கப்பட்டிருக்கிறது.